உட்கார்ந்த இடம் சூடாகும் முன்னே

1990ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள். எஃப்ஏ கிண்ணப் போட்டியின் மூன்றாம் சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட் குழு, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவை அதன் சொந்தத் திடலில் சந்தித்தது. யுனைடெட் லீக் ஆட்டங்களில் வெற்றி கண்டு பல வாரங்கள் ஆகியிருந்தன. முந்தைய செப்டம்பர் மாதத்தில், ஒரே நகரைச் சேர்ந்த மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்ற கோல் கணக்கில் அது மண்ணைக் கவ்வியிருந்தது. குழுவின் நிர்வாகி அலெக்ஸ் பெர்குசன் பொறுப்பேற்று மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரு கிண்ணம்கூட வந்தபாடில்லை. அவர் விடைபெற வேண்டும் என்று கேட்கும் பதாகையைச் சொந்த ரசிகர்களே அரங்கில் விரித்துக் காட்டியிருந்தனர். இந்த ஆட்டத்திலும் தோற்றால் அவர் கதை முடிந்தது என்றே பலரும் பேசிக்கொண்டார்கள்.

இருபது வயது மார்க் ராபின்ஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். ஆட்டம் 1-0 என முடிந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் யுனைடெட் எஃப்ஏ கிண்ணத்தை வென்றது. பெர்குசன் 2013இல் ஓய்வு பெற்றபோது, 13 லீக் பட்டங்கள் உட்பட 38 கிண்ணங்களைக் கழகத்திற்குத் தேடித் தந்திருந்தார்.

அந்த ஒரு கோல்தான் பெர்குசனைக் காப்பாற்றியது என்பது காற்பந்து உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கேட்பதற்குச் சுவையாகவும் இருக்கிறது. ஆனால், அன்று கழகத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் எட்வர்ட்ஸ் இதைப் பிற்காலத்தில் மறுத்திருக்கிறார். அன்று தோற்றிருந்தாலும் பெர்குசனை நீக்கும் எண்ணம் இல்லை என்பது அவர் கூற்று. இந்த இரண்டில் எதை நம்புவது என்பது வெறும் பழங்கதை ஆராய்ச்சியன்று. ஒரு நிர்வாகியை எதை வைத்து எடைபோட வேண்டும் என்னும் கேள்வியே அதற்குள் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்துக் காற்பந்தில் நிர்வாகி என்பவர் அலுவலக அறையில் அமர்ந்து கையொப்பமிடுபவர் அல்லர். யாரைக் களமிறக்குவது, எப்படி ஆடுவது, எப்படிப் பயிற்சியளிப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதிலும் அவருக்குப் பங்குண்டு. தோல்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அந்நாட்டின் முதல் நான்கு பிரிவுகளில் 92 கழகங்கள் ஆடுகின்றன. அவற்றில் பணிநீக்கம் செய்யப்படும் நிர்வாகிகள் அண்மைக் காலத்தில் சராசரியாக ஈராண்டைக்கூட நிறைவு செய்வதில்லை. 2022/23 பருவத்தில் பிரிமியர் லீக்கின் 20 கழகங்களில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட முறை நிர்வாகிகள் மாறினார்கள். 2007ஆம் ஆண்டில் டார்க்கி யுனைடெட் கழகம் லெராய் ரோசீனியரை நிர்வாகியாக அறிவித்தது. அறிவித்த பத்தே நிமிடத்தில் கழகம் கைமாறியது. புதிய உரிமையாளர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. உட்கார்ந்த இடம் சூடாவதற்குக்கூட நேரமில்லை.

ஒப்பந்தத்தில் எழுதப்படும் ஆண்டுகளுக்கும் பெரிய மதிப்பில்லை. பெர்குசனுக்குப் பின் வந்த டேவிட் மோய்சுக்கு யுனைடெட் ஆறாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. பத்து மாதங்களில் அவர் வெளியேற்றப்பட்டார்.

ஏன் இந்த அவசரம்? முதற்காரணம் அச்சம். பிரிமியர் லீக்கின் கடைசி மூன்று குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுகின்றன. தள்ளப்படும் கழகம் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருமானத்தில் பெரும்பகுதியை இழக்கிறது. ஆட்டக்காரர்களோ பழைய சம்பளத்தை எதிர்பார்ப்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் உரிமையாளருக்குத் தூக்கம் வராது. மேலும், பருவத்தின் நடுவே இருபத்தைந்து ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது. ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் கோடைக்காலத்திலும் ஜனவரியிலும் மட்டுமே அனுமதி உண்டு. நிர்வாகியை மட்டும் எந்த நாளிலும் மாற்றலாம். ஆகவே, குழு தடுமாறும்போது கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும் பலியாடு அவரே. தொலைக்காட்சியின் முன் நள்ளிரவு வரை கண்விழித்து ஆட்டத்தைப் பார்க்கும் ரசிகர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். மூன்று தோல்விகள் போதும். 'நிர்வாகியை மாற்று' என்ற குரல் கோலாலம்பூர் வரை ஒலிக்கும்.

மாற்றினால் பலன் கிடைக்கிறதே என்று சிலர் வாதிடலாம். புதியவர் வந்ததும் குழு சில ஆட்டங்களில் வெல்வது உண்மைதான். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் பர்ன்லி கழகம், ஏறத்தாழ பத்தாண்டுகள் பணியாற்றிய ஷான் டைச்சை நீக்கியது. பருவம் முடிய எட்டே ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. குழு 18ஆம் இடத்தில் இருந்தது. இடைக்காலப் பொறுப்பேற்ற மைக் ஜாக்சனின் கீழ் முதல் நான்கு ஆட்டங்களில் பர்ன்லி 10 புள்ளிகளைப் பெற்றது. அற்புதம் நிகழ்ந்துவிட்டதாக எல்லாரும் வியந்தனர். அடுத்த நான்கு ஆட்டங்களில் கிடைத்ததோ ஒரே ஒரு புள்ளி. பருவ முடிவில் பர்ன்லி நின்றது அதே 18ஆம் இடத்தில். கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

மலேசியத் தொழிலதிபர் தோனி பெர்னாண்டஸ் உரிமையாளராக இருந்த குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தின் அனுபவமும் இத்தகையதே. 2012/13 பருவத்தின் முதல் 12 ஆட்டங்களில் 4 புள்ளிகள் மட்டுமே கிடைத்ததால் நிர்வாகி மார்க் ஹியூஸ் நீக்கப்பட்டார். அனுபவம் மிக்க ஹேரி ரெட்நேப் வந்தார். அப்போது கடைசி இடத்தில் இருந்த குழு, பருவத்தையும் கடைசி இடத்திலேயே முடித்தது.

நெதர்லாந்துப் பொருளியல் அறிஞர் பாஸ் தெர் வீல் இதனைத் தம் நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்ட முடிவுகளைக் கொண்டு ஆராய்ந்தார். அவர் செய்தது எளிமையான, ஆனால் கூர்மையான ஒப்பீடு. தொடர் தோல்விக்குப் பின் பயிற்றுநரை நீக்கிய குழுக்களை ஒரு பக்கம் வைத்தார். அதே அளவு சரிந்தும் பயிற்றுநரை நீக்காத குழுக்களை மறுபக்கம் வைத்தார். இரண்டு வகைக் குழுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மீண்டெழுந்தன. அதாவது, பல நேரங்களில் சரிவின் அடித்தட்டில்தான் பதவி நீக்கம் நிகழ்கிறது. அடித்தட்டைத் தொட்ட குழு எப்படியும் மேலே வரத்தான் செய்யும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கசாயம் குடித்தவர், மறுநாள் காய்ச்சல் இறங்கியதற்குக் கசாயத்தைப் புகழ்வதைப் போன்றது இது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம்பியே ஆண்டுதோறும் பெரும் இழப்பீட்டுத் தொகைகள் வழங்கப்படுகின்றன.

பண இழப்பைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் புள்ளிப்பட்டியலில் காண முடியாது.

1987ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற்குத் திரும்புவோம். பெர்குசன் யுனைடெட்டுக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மான்செஸ்டர் சிட்டியின் பயிற்சிப் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்த ஒல்லியான சிறுவன் ஒருவனைத் தம் கழகத்திற்கு அழைத்துவர அவரே அவன் வீட்டுக்குச் சென்றார். அன்று அந்தச் சிறுவனுக்கு 14ஆவது பிறந்தநாள். அவன் பெயர் ரயன் கிக்ஸ். முதல் குழுவில் அவன் முதன்முதலாகக் களமிறங்கியது 1991 மார்ச் மாதத்தில். அவன் தலைமையில் ஆடிய இளையோர் குழு 1992இல் எஃப்ஏ இளையோர் கிண்ணத்தை வென்றது. டேவிட் பெக்கம், கேரி நெவில், நிக்கி பட் ஆகியோரும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். 1999இல் யுனைடெட் சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்ற இறுதியாட்டத்தில் இந்த நால்வரும் ஆடினர்.

வீட்டு வாசலில் நின்ற அந்த நாளிலிருந்து அந்த இறுதியாட்டம் வரை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள். 1990 ஜனவரியில் புள்ளிப்பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்காது. கழகத்தின் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும்: திறனாளிகளைத் தேடுவோர் எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள், இளையோர் பயிற்சி எப்படி மாறியது, எந்தச் சிறுவர்கள் மேலே வந்துகொண்டிருந்தார்கள் என்று. எட்வர்ட்சின் மறுப்பை நம்புவதற்கு இதுவே வலுவான காரணம்.

இனி, சில மாதங்களே தமக்கு உண்டு என்று அறிந்த நிர்வாகியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவர் எதற்காகப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேடிப் போக வேண்டும்? அவன் வளர்ந்து ஆடும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அவருக்கு முன்பே இன்னும் மூவர் வந்து போயிருப்பார்கள். அவர் முப்பது வயதைக் கடந்த, உடனே ஆடத் தெரிந்த ஒருவரை அதிக விலைக்கு வாங்கச் சொல்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குறுகிய காலம் கொடுத்தால் குறுகிய பார்வையே கிடைக்கும். அவர் போகும்போது துணைப் பயிற்றுநர்களும் பெரும்பாலும் உடன் போகிறார்கள். அடுத்த மாதம் வாய்ப்புத் தருவதாக அவர் சொல்லியிருந்த இளைஞன், புதியவரிடம் தன் பெயரைச் சொல்வதிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

செல்சி கழகத்தை எதிர்வாதமாகக் காட்டுவோர் உண்டு. ரோமன் அப்ரமோவிச் உரிமையாளராக இருந்த 2003 முதல் 2022 வரை அங்கு நிர்வாகிகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். 2012 மே மாதத்தில் சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்று தந்த ரோபர்ட்டோ டி மத்தேயோகூட அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டார். ஆயினும் அக்காலத்தில் செல்சி ஐந்து லீக் பட்டங்களையும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் கிண்ணங்களையும் வென்றது. இதை மறுக்க இயலாது. ஆனால், ஒவ்வொரு புதிய நிர்வாகிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர்களை வாங்கித் தரும் அளவுக்கு அங்கே பணம் இருந்தது. அந்தச் செல்சியும் கெவின் டி புருய்னையும் முகமது சாலாவையும் இளம் வயதில் வைத்திருந்து, போதிய வாய்ப்பளிக்காமல் விற்றுவிட்டது. இருவரும் பின்னர் பிற இங்கிலாந்துக் கழகங்களில் உலகப் புகழ் பெற்றனர். பணக்காரர் வீட்டில் கை தவறிய பால் குடத்தைப் பார்த்து மற்றவர்களும் குடத்தைக் கவிழ்க்கலாமா?

பொறுமை என்பது கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதும் அன்று. ஆட்டக்காரர்களின் நம்பிக்கையை முற்றிலும் இழந்துவிட்ட நிர்வாகியை வைத்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் நன்மையில்லை. பிரையன் கிளஃப் 1974இல் லீட்ஸ் யுனைடெட்டில் நீடித்தது 44 நாள்கள். அங்குள்ள ஆட்டக்காரர்களோடு அவர் ஒத்துப்போகவேயில்லை. அவரை அனுப்பியதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. அவரே அடுத்த ஆண்டு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குச் சென்றார். இரண்டாம் பிரிவில் இருந்த குழுவை உயர்த்தி, 1979, 1980 என இரண்டு முறை தொடர்ந்து ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனையாவது இடம்?' என்பது மட்டுமன்று. 2021 ஆகஸ்டில் ஆர்சனல் முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோலும் போடாமல் கடைசி இடத்தில் கிடந்தது. அதற்கு முந்தைய இரு பருவங்களிலும் எட்டாம் இடமே கிடைத்திருந்தது. மிக்கேல் அர்தேத்தாவை அனுப்ப அதைவிடப் பொருத்தமான தருணம் வாய்த்திருக்காது. கழகம் அவரை அனுப்பவில்லை. குழுவில் இளைஞர்கள் நிரம்பியிருப்பதையும் அவர்கள் மேம்பட்டு வருவதையும் அது கணக்கில் கொண்டது. அடுத்தடுத்து 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆர்சனல் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. பர்ன்லியும் 2015இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியபோது டைச்சை நீக்காமல் வைத்திருந்து, மறு ஆண்டே வெற்றியாளராகப் பிரிமியர் லீக்குக்குத் திரும்பியது.

நாட்டிங்ஹாமில் அந்தக் கோலைப் போட்ட மார்க் ராபின்ஸ் என்ன ஆனார்? அவரும் நிர்வாகியானார். 2017 மார்ச்சில் அவர் கொவெண்ட்ரி சிட்டிக்கு வந்தபோது குழு மூன்றாம் பிரிவின் அடியில் கிடந்தது. அந்தப் பருவத்திலேயே நான்காம் பிரிவுக்கு இறங்கியது. கழகம் அவரை நீக்கவில்லை. 2018இலும் 2020இலும் குழு ஒவ்வொரு பிரிவாக ஏறி வந்தது. 2023இல் பிரிமியர் லீக்குக்குத் தகுதி பெறும் இறுதியாட்டத்தில் பினால்டி உதையில் தோற்றது.

2024 நவம்பரில் குழு 17ஆம் இடத்தில் இருந்தபோது, ஏழரை ஆண்டுகளுக்குப் பின் ராபின்ஸ் பணிநீக்கம் செய்யப்பட்டார். அடுத்து வந்த ஃபிராங்க் லாம்பார்ட் அந்தப் பருவத்தில் குழுவை ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். நீக்கியவர்களுக்கு இது நல்ல ஆதாரம். எனினும், அவர் கையில் கிடைத்த குழு ராபின்ஸ் கட்டி வைத்துவிட்டுப் போன குழு.

2025 ஜனவரி முதல் நாள் ராபின்சை ஸ்டோக் சிட்டி நிர்வாகியாக நியமித்தது. இடைக்காலப் பொறுப்பாளர்களைச் சேர்க்காமல் எண்ணினால், அந்த ஒரே பருவத்தில் ஸ்டோக்கின் நாற்காலியில் அமர்ந்த மூன்றாமவர் அவர்.