அந்தமானிலிருந்து ஐ-லீக் எவ்வளவு தூரம்? ஒரு தீவுக் கால்பந்து கிளப்பின் கணக்கு

டேவிட் பெக்காமும் ரொனால்டோவும் ஒரே இந்திய அணியில் இருந்தார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் அது நடந்தது. ஆனால் கால்பந்தில் இல்லை, சைக்கிள் பந்தயத்தில். இந்தியாவின் டீம் ஸ்பிரிண்ட் அணியில் டேவிட் பெக்காம், ரொனால்டோ லைதோன்ஜம், ரோஜித் சிங் மூவரும் ஓட்டினார்கள். ரொனால்டோ மணிப்பூர்காரர். பெக்காம், கார் நிக்கோபார் தீவைச் சேர்ந்தவர்.

பிள்ளைக்கு டேவிட் பெக்காம் என்று பெயர் வைக்கும் அளவுக்குக் கால்பந்துப் பித்து உள்ள இடம் அது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து இந்தியாவுக்கு சைக்கிள் வீரர்கள் கிடைத்திருக்கிறார்கள். ஆனால் ஐ.எஸ்.எல்., ஐ-லீக், ஐ-லீக் 2 ஆகிய மூன்று நிலைகளில் எதிலும் அந்தமான் நிக்கோபார் கிளப் ஒன்று இதுவரை ஆடியதில்லை.

ஏன்? புதிய சீசனில் அதற்கு வாய்ப்பு உண்டா? எண்களை வைத்துப் பார்ப்போம்.

முதலில், இந்தியக் கால்பந்தின் ஏணி எப்படி இருக்கிறது?

2024-25 சீசன் நிலவரப்படி, மேலே இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல். அதற்குக் கீழே ஐ-லீக், அடுத்து ஐ-லீக் 2, அதற்கும் கீழே 2023-24 சீசனில் தொடங்கிய ஐ-லீக் 3. அடிப்படியில் இருப்பவை மாநில, யூனியன் பிரதேச லீக்குகள். உள்ளூர் லீக்கில் முன்னணியில் வரும் கிளப்பை மாநிலச் சங்கம் பரிந்துரைக்கும். ஐ-லீக் 3-க்குள் நுழைய அதுதான் வாசல்.

ஐ-லீக்கில் சாம்பியன் ஆனால் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகலாம் என்ற விதி 2022-23 சீசனில் வந்தது. அந்த வழியில் முதலில் போனது பஞ்சாப், 2024-ல் போனது கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். ஆக, காகிதத்தில் ஏணி முழுமையாகவே இருக்கிறது. போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பர் முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இன்று ஒரு கிளப் தொடங்கினால், நாலைந்து வருடத்தில் மோகன் பகானுடன் ஆடலாம். காகிதத்தில்.

நிஜத்தில் யாராவது இவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறார்களா?

ஏறியிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் டயமண்ட் ஹார்பர் எஃப்.சி. 2022-ல் தொடங்கப்பட்டது. 2024-25 ஒரே சீசனில் ஐ-லீக் 3, ஐ-லீக் 2 இரண்டையும் வென்று ஐ-லீக்குக்குள் வந்தது. 2025 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டி வரைக்கும் போய், நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடம் 6-1 என்று தோற்றது.

இன்னொரு உதாரணம் ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு. 2023-24-ல் ஐ-லீக் 3 வழியாக வந்து, ஐ-லீக் 2-ஐ வென்று ஐ-லீக்குக்குள் நுழைந்தது. அடுத்த சீசனிலேயே திரும்ப இறங்கிவிட்டது. ஏறுவது ஒரு வருட வேலை, மேலேயே நிற்பதற்கு வேறு மாதிரி பலம் வேண்டும்.

இந்த இரண்டு கிளப்புகளும் பெரிய நகரங்களைச் சார்ந்தவை என்பதையும் கவனியுங்கள். வீரர்களைத் தேட அக்கம்பக்கத்தில் பெரிய லீக் இருக்கிறது. வெளியூர் மேட்சுக்கு ராத்திரி ரயில் இருக்கிறது.

அந்தமானுக்கு ரயில் இல்லை. அதனால் என்ன ஆகும்?

போர்ட் பிளேயரிலிருந்து கடல் வழியாக சென்னை 1,190 கி.மீ., விசாகப்பட்டினம் 1,200 கி.மீ., கொல்கத்தா 1,255 கி.மீ. சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். கப்பலில் என்றால் இரண்டரை நாள். சனிக்கிழமை மேட்ச் ஆட புதன்கிழமையே கப்பல் ஏறி, இறங்கியதும் நேராக மைதானத்துக்குப் போக எந்த வீரராலும் முடியாது. ஆக, விமானம்தான்.

சின்னதாக ஒரு கணக்கு போடுவோம். 2024-25 ஐ-லீக் 2-ல் 9 அணிகள் ஆடின. ஒவ்வொரு அணிக்கும் 16 மேட்ச், அதில் 8 வெளியூரில். வீரர்கள், பயிற்சியாளர்கள் சேர்த்து 25 பேர் என்று வைத்துக்கொள்வோம். போக வர டிக்கெட் ஆளுக்கு 15,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

• ஒவ்வொரு மேட்சுக்கும் தனித்தனியாகப் போய் வந்தால்: 8 × 25 = 200 டிக்கெட், 30 லட்சம் ரூபாய்.

• ஒரே பயணத்தில் இரண்டு வெளியூர் மேட்ச் என்று அட்டவணை போட்டால்: 4 × 25 = 100 டிக்கெட், 15 லட்சம் ரூபாய்.

இது விமான டிக்கெட் மட்டும். ஓட்டல், சாப்பாடு, சம்பளம் எதுவும் சேரவில்லை. எதிரணி எட்டும் அந்தமானுக்கு வந்து போகும் செலவு தனி.

இதில் முக்கியமாக ஒன்று புரிகிறது. அட்டவணையை மாற்றினாலே செலவு பாதியாகிறது. அப்படி அட்டவணை போடும் அதிகாரம் கிளப்பிடம் இல்லை, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்திடம் இருக்கிறது. தீவுக்கு ஒரு கிளப் வேண்டுமென்றால் முதல் முடிவு டெல்லியில் எடுக்கப்பட வேண்டும்.

ஆட்கள் போதுமா? மக்கள்தொகையே நாலு லட்சம்தானே?

2011 கணக்கெடுப்புப்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. நூற்றுக்கு சுமார் 15 பேரின் தாய்மொழி தமிழ். சென்னையின் ஒரு சட்டமன்றத் தொகுதியோடு ஒப்பிடக்கூடிய அளவு ஜனத்தொகை என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான்.

ஆனால் ஐஸ்லாந்தைப் பாருங்கள். 2016-ல் அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 3.3 லட்சம். அந்தமானை விடக் குறைவு. அந்த ஆண்டு யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து உலகக் கோப்பையில் மெஸ்ஸியின் அர்ஜென்டினாவை 1-1 என்று நிறுத்தினார்கள். குளிர்காலத்திலும் ஆடுவதற்குக் கூரை போட்ட மைதானங்களைக் கட்டியதும், முறையாகப் படித்த பயிற்சியாளர்களைச் சிறுவர்களிடம் அனுப்பியதும் அதற்கான காரணங்கள்.

ஐஸ்லாந்து பணக்கார நாடு, அதோடு எப்படி ஒப்பிடுவது என்று கேட்டால், மிசோரமை எடுத்துக்கொள்வோம். 2011-ல் அங்கே 10.97 லட்சம் பேர். 2012-ல் உள்ளூர் கேபிள் டிவி ஒன்றின் ஆதரவோடு மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. 2014-ல் மிசோரம் சந்தோஷ் டிராஃபியை வென்றது. 2017-ல் ஐசால் எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன். முந்தைய சீசனில் கீழே இறங்க வேண்டிய அணி அது. கோவா கிளப்புகள் விலகியதால் இடம் கிடைத்து, அடுத்த வருடமே கோப்பையைத் தூக்கியது. உள்ளூர் லீக் ஆரம்பித்து ஐந்தே வருடம்.

மிசோரமின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் உள்ளூர் லீக், பிறகு மாநில அணி, கடைசியில்தான் தேசிய கிளப்.

அந்தமான் அணி இப்போது எங்கே நிற்கிறது?

சந்தோஷ் டிராஃபியில் அந்தமான் நிக்கோபார் ஆடுகிறது. 2021 டிசம்பர் 3 அன்று கொச்சியில் கேரளாவிடம் 9-0 என்று தோற்றது. அந்த கேரள அணிதான் 2022 மே மாதம் மஞ்சேரியில் வங்காளத்தைத் தோற்கடித்து சாம்பியன் ஆனது. அதனால் எதிராளி சாதாரண ஆள் இல்லை. இருந்தாலும் 9 கோல் 9 கோல்தான்.

சின்னத் தீவுகள் எல்லாவற்றுக்கும் இதே கதையா? 64,473 பேர் மட்டுமே வாழும் லட்சத்தீவு 2017-ல்தான் சந்தோஷ் டிராஃபிக்கே வந்தது. 2024 நவம்பரில் கேரளா அதையும் 10-0 என்று வென்றது. வருடத்தில் ஒரு தடவை, சில நாட்களுக்குள் மூன்று மேட்ச் ஆடிவிட்டுத் திரும்பும் அணிகளின் நிலைமை இது. தோற்றதிலிருந்து கற்றுக்கொண்டு அடுத்த வாரம் சரிசெய்ய அவர்களுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. கிளப் ஏன் தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தமானில் வருடத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மே முதல் டிசம்பர் வரை மைதானம் ஈரம். ஐ-லீக் 3-ன் முதல் இரண்டு சீசன்கள் நடந்ததோ ஆண்டின் பிற்பாதியில். அதாவது தீவுப் பையன்களுக்குப் பயிற்சி மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் மைதானம் கிடைக்காது. செயற்கைப் புல் தளம் இங்கே ஆடம்பரச் செலவு ஆகாது.

சைக்கிளில் முடிந்தது, கால்பந்தில் ஏன் முடியவில்லை?

இதற்கான பதில்தான் நம்பிக்கை தருகிறது. சுனாமியில் உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டு டிராக் சைக்கிளில் உலகத் தரவரிசையில் முன்வரிசைக்கு வந்தார். எசோ ஆல்பன் 2018-ல் ஸ்விட்சர்லாந்தில் உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்ற இந்திய ஜூனியர் அணியிலும் இருந்தார். இவர்களும் நிக்கோபார் பிள்ளைகள்தான்.

அவர்களுக்கு ஒரு பாதை இருந்தது. போர்ட் பிளேயரில் வெலோட்ரோம் இருக்கிறது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே நன்றாக ஓட்டினால் டெல்லியில் உள்ள தேசிய அகாடமிக்குப் போகலாம். தங்குமிடம், சாப்பாடு, சைக்கிள் எல்லாம் அங்கே. கார் நிக்கோபாரில் இருக்கும் 14 வயதுப் பையனுக்கு அடுத்த படி எது என்று தெரியும்.

அதே பையன் கால்பந்து ஆடினால் அடுத்த படி எது? தீவை விட்டுக் கிளம்பி, சென்னையிலோ கொல்கத்தாவிலோ ஏதாவது ஒரு கிளப் வாசலில் டிரையல்ஸுக்கு நிற்பது. அதற்கு டிக்கெட் காசும், தங்க ஒரு சொந்தக்காரர் வீடும் வேண்டும்.

பணம் இருந்தால் போதுமா? தமிழ்நாடு என்ன சொல்கிறது?

சென்னை சிட்டி எஃப்.சி. ஞாபகம் இருக்கிறதா? 2018-19-ல் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி, 20 மேட்சில் 43 புள்ளி எடுத்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக்கை வென்றது. பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆனால் 2020-21 தான் அதன் கடைசி ஐ-லீக் சீசன். உரிம நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாததால் வெளியே போனது. சாம்பியன் பட்டத்துக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே சுமார் இரண்டு வருடம்.

கிளப் உரிமம் என்பது ஐந்து விஷயங்கள்: இளைஞர் பயிற்சி, மைதானம், நிர்வாகப் பணியாளர்கள், சட்ட ஆவணங்கள், நிதி. கோல் அடிப்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆவணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024-25 ஐ-லீக் சாட்சி. லீக் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, இன்டர் காசி 39. நாம்தாரி அணி தகுதியில்லாத வீரரை ஆட வைத்தது என்ற புகாரின் மூன்று புள்ளிகள் யாருக்கு என்பதில் வழக்கு. 2025 ஜூலை 18 அன்று சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் இன்டர் காசிதான் சாம்பியன் என்றது.

சரி, புதிய சீசனில் என்ன எதிர்பார்க்கலாம்?

நேர்மையாகச் சொன்னால், இந்த சீசனில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 2025 இறுதியில் ஏணியின் உச்சியே ஆடிக்கொண்டிருந்தது. சம்மேளனத்துக்கு வருடம் 50 கோடி ரூபாய் தந்துவந்த 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிந்தது. புதிய டெண்டருக்கு நவம்பர் 7 கெடுவுக்குள் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. 2025 முடியும் வரை ஐ.எஸ்.எல்., ஐ-லீக் இரண்டுமே தொடங்கவில்லை. மேலே பணம் வற்றினால், முதலில் காய்வது கீழ்நிலை லீக்குகள்.

அதனால் அந்தமான் ரசிகர்கள் கவனிக்க வேண்டியது வேறு மூன்று விஷயங்களை:

• ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான உலர்ந்த மாதங்களில், வாராவாரம் மேட்ச் நடக்கும் உள்ளூர் லீக் இருக்கிறதா?

• சைக்கிளுக்கு உள்ளது போல, கால்பந்துச் சிறுவர்களுக்குத் தங்கிப் படிக்கும் பயிற்சி மையமும், மழையில் ஆடக்கூடிய ஒரு தளமும் வருமா?

• சம்மேளனம் புதிய லீக் திட்டம் போடும்போது, தீவு அணிகளுக்கு இரட்டை மேட்ச் அட்டவணையும் பயண மானியமும் சேர்க்குமா?

மூன்றுக்கும் பதில் ஆம் என்றால், ஐந்து வருடக் கணக்கு நியாயமானது. மிசோரம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், இன்னொரு சந்தோஷ் டிராஃபி வரும், இன்னொரு பெரிய தோல்வி வரும். கார் நிக்கோபாரில் அடுத்த டேவிட் பெக்காமும் சைக்கிளைத்தான் எடுப்பார். சைக்கிளுக்கு அது நல்லதுதான்.