கோப்பை ஒருவருக்கு, பணம் இன்னொருவருக்கு!

நியூயார்க் நகரில் பாரஸ்ட் ஹில்ஸ் மைதானம். 1968-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ந் தேதி. அமெரிக்க டென்னிஸ் போட்டியின் இறுதி ஆட்டம்.

ஒரு பக்கம் ஆர்தர் ஆஷ். வயது 25. அமெரிக்க ராணுவத்தில் லெப்டினென்ட். கறுப்பு இனத்தவர். எதிர்ப்பக்கம் ஹாலந்து நாட்டு டாம் ஓக்கர்.

5 செட் வரை போராட்டம் நீடித்தது. முதல் செட்டை மட்டும் முடிக்க 26 கேம் ஆடவேண்டி இருந்தது. முடிவில் ஆஷ் ஜெயித்தார்.

முதல் பரிசு 14 ஆயிரம் டாலர். அதை வாங்கிக்கொண்டு போனவர் யார் தெரியுமா? தோற்றுப்போன ஓக்கர்!

ஆஷுக்குக் கிடைத்தது கோப்பையும், கைச்செலவுக்கு நாள் ஒன்றுக்கு 20 டாலரும்தான்.

இது என்ன நியாயம் என்று கேட்கிறீர்களா? நியாயம் அல்ல, சட்டம். ஆஷ் "அமெச்சூர்" ஆட்டக்காரர். அதாவது, காசு வாங்காமல் ஆடுகிறவர். ஓக்கர், பரிசுப் பணம் வாங்கலாம் என்று பதிவு செய்துகொண்டவர். பணம் வாங்கினால் தேசத்துக்காக டேவிஸ் கோப்பைப் போட்டியில் ஆடமுடியாமல் போய்விடும் என்று ஆஷ் அமெச்சூராகவே இருந்தார்.

"காசுக்காக ஆடுவது கேவலம். ஆட்டத்தின் மேல் உள்ள ஆசைக்காக ஆடுவதே உயர்ந்தது" என்பது அந்தக் காலத்துக் கொள்கை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் உலை வைக்க என்ன செய்வது?

விம்பிள்டன் போட்டி 1877-ம் ஆண்டில் தொடங்கியது. அப்போது டென்னிஸ் ஆடியவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள். அவர்களுக்குப் பரிசுப் பணம் ஒரு பொருட்டு அல்ல. ஏழை வீட்டுப் பையன் மட்டையைக் கையில் எடுத்தபோதுதான் இந்தச் சட்டம் குறுக்கே நின்றது.

டென்னிஸ் செலவு பிடிக்கும் ஆட்டம். மட்டையின் நரம்பு அறுந்துகொண்டே இருக்கும். பந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். பெரிய போட்டிகளில் முதல் 7 கேம் முடிந்ததும் புதுப்பந்து எடுப்பார்கள். பிறகு 9 கேமுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். இதற்கு மேல் கப்பல் கட்டணம், ஓட்டல் செலவு!

அதனால், பெயர் பெற்ற அமெச்சூர்கள் பலருக்குச் "செலவுப் பணம்" என்ற பெயரில் இரகசியமாகக் காசு கொடுத்தார்கள். வெளியே அமெச்சூர்; உள்ளே சம்பளக்காரர். யோக்கியமாக இருந்தவன்தான் கஷ்டப்பட்டான்.

பகிரங்கமாகப் பணம் வாங்கியவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. இங்கிலாந்தின் பிரெட் பெர்ரி 1934, 1935, 1936 ஆகிய 3 ஆண்டுகளும் விம்பிள்டனில் வென்றவர். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனதும், விம்பிள்டன் கிளப் அவருடைய கௌரவ உறுப்பினர் பதவியைப் பறித்துவிட்டது! ஆஸ்திரேலியாவின் ராட் லேவர் 1962-ல் உலகின் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றார். பிறகு தொழில்முறைக்குப் போனார். அதன்பின் 5 ஆண்டுகள் அவர் விம்பிள்டன் பட்டத்துக்குப் போட்டியிட முடியவில்லை.

நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரை இறுதி வரை சென்றார். தொழில்முறை ஆட்டத்துக்கு வரும்படி அமெரிக்காவின் ஜாக் கிராமர் அவரைப் பெரிய தொகை பேசி அழைத்தார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். 1966-ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனபோது நம் அணியின் தூணாக நின்றவர் அவர்தான். அந்தத் தியாகத்தைப் பாராட்டுகிறோம். ஆனால், தேசமா, குடும்பத்துக்குப் பணமா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்க வைத்த சட்டத்தை எப்படிப் பாராட்டுவது?

1968-ல் சட்டம் தளர்ந்தது. அமெச்சூர்களும் தொழில்முறைக்காரர்களும் ஒரே போட்டியில் ஆடலாம் என்றார்கள். அந்த ஆண்டு விம்பிள்டனில் வென்ற லேவருக்கு 2,000 பவுன் கிடைத்தது. பெண்களில் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுன்தான். (அந்த அநியாயம் தீர 2007-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது!)

சட்டம் போய்விட்டது. ஏழைக்குக் கதவு திறந்துவிட்டதா? முழுவதும் இல்லை. இன்று தரவரிசைப் பட்டியலில் இடம் வேண்டுமானால் ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடிப் புள்ளி சேர்க்கவேண்டும். சேர்த்த புள்ளியும் ஓர் ஆண்டு கழிந்தால் போய்விடும். வளரும் பிள்ளைக்கு அந்தச் செலவை யார் தருவது? தகப்பனார்தான்.

ஆஷின் தகப்பனார் ரிச்மண்ட் நகரில் ஒரு பொதுப் பூங்காவின் காவலாளி. குடியிருந்த வீடும் பூங்காவிலேயே. வாசலில் டென்னிஸ் களம்! பையன் அங்கேதான் மட்டை பிடித்தான். வெள்ளையர்களின் களங்களில் அவனைச் சேர்க்கவில்லை. அந்த ஒரு பொதுக் களம் இல்லாவிட்டால் ஆஷ் இல்லை.

நம் ஊர்களிலும் நகரசபைப் பூங்காவுக்கு ஒரு களம், பள்ளிக்கூடத்துக்கு நாலு மட்டை என்று கொடுக்கட்டும். கிளப் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் பையன் உள்ளே வரட்டும்.

ஆஷ் 1969-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1975-ல் ஜிம்மி கானர்சைத் தோற்கடித்து விம்பிள்டன் பட்டத்தை வென்றார். பரிசு 10 ஆயிரம் பவுன். இந்தத் தடவை பணத்தை அவரே வாங்கிக்கொண்டார்.