பரளச்சி யாருடைய ஆஸ்பத்திரி?

எங்கள் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. ஆனால் பரளச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்த மாதம் போனாலும் தெருவுக்கு ஒருவராவது படுத்துக் கிடப்பார். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து முதுகுவலியோடு வந்தவர், நூல் மில்லிலிருந்து இளைப்போடு வந்த பெண், சென்னை ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்ட பையன். கேட்டால் "லீவுல வந்திருக்கான்" என்பார்கள். அது லீவு இல்லை. சம்பளம் நின்றுபோயிருக்கும். வேலை இருக்கிறதா இல்லையா என்பது திரும்பிப் போனால்தான் தெரியும். கஞ்சி அம்மா வைப்பது, பஸ் காசு அப்பா நூறு நாள் வேலையில் வாங்கியது, மாத்திரை அரசாங்கம் கொடுத்தது. இந்தக் கணக்கில் முதலாளி எந்த வரியில் வருகிறார்?

நம்மூர்த் தொழில்கள் மலிவாக ஓடுவதற்குக் கூலி குறைவு என்பதை மட்டும்தான் காரணமாகச் சொல்கிறோம். உடைந்த உடம்பைப் பழுதுபார்க்கும் செலவை இந்த வானம் பார்த்த பூமி இலவசமாக ஏற்றுக்கொள்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. என் தொழிலில் சர்வருக்கு மெயின்டெனன்ஸ் நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பட்ஜெட்டும் உண்டு. சர்வரை ரிப்பேருக்கு அதன் அம்மா வீட்டுக்கு யாரும் அனுப்புவதில்லை.

மில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் தூசியில் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். அதன் தொடக்கக் குணம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். தூசியை விட்டு விலகினால் சரியாகிவிடும். வருடக்கணக்கில் தூசியிலேயே இருந்தால் பிறகு சரியாகவே ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் மகள் சொன்னது: "அங்க போனா நெஞ்ச அடைக்குது மாமா, இங்க வந்தா ரெண்டு நாள்ல சரியாயிருது." அவள் அம்மா அதைக் கண்ணேறு என்று நினைத்துத் திருநீறு போட்டுவிட்டார். மில் சூப்பர்வைசர் "சோம்பேறித்தனம்" என்று நினைத்தார். அம்மாவின் விளக்கத்தில் குறைந்தபட்சம் பாசமாவது இருக்கிறது.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் கிட்டத்தட்ட ஒரு டயக்னோசிஸ். இது அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலிலேயே இருந்தது. பார்க்கும் டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் இளைப்பு வரும்போதெல்லாம் பெண் ஊருக்கு வந்துவிட்டால் எந்த டாக்டர் எதைப் பார்ப்பார், எதை எழுதுவார்? ஊர் அவளைக் குணப்படுத்துகிறது. அந்தக் குணமே மில்லுக்கு அலிபியாகிவிடுகிறது. இதே கரிசலில் விளைந்த பருத்தி அல்லவா என்று கவித்துவமாக ஏதாவது எழுதலாம்தான். வேண்டாம். தூசியை உறிஞ்சும் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா, வருடம் ஒருமுறை குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்கிறார்களா என்று கேட்பதே போதும்.

வருமுன் காப்பது என்ற பெயரில் சில இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்த சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்கு வேலையிடத்தில் மாத்திரை வாங்காதவர் அதில் ஒருவர்கூட இல்லை. கொடுத்தது பெரும்பாலும் டாக்டரோ நர்ஸோ இல்லை, சூப்பர்வைசர். மாத்திரையில் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. அதனால் உடம்பு கெட்டது என்று சொன்னவர்கள் பாதிக்கும் மேல். ஒரு பெண் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் லைன் நின்றுவிடும், அதனால் மாத்திரை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

"அது மில்லு, கார்மெண்ட்ஸு, நம்ம கம்பெனில அப்படி இல்ல" என்று ஓஎம்ஆர் பஸ்ஸில் இதை வாசித்துக்கொண்டிருக்கும் நண்பர் நினைக்கலாம். நமக்குக் கிடைப்பது பெயர் போட்ட மாத்திரை, அவ்வளவுதான். வெல்னஸ் வாரம், பத்தாயிரம் அடி நடக்கும் போட்டி, தியான ஆப்புக்கு இலவச சந்தா, சாப்பாட்டு நேரத்தில் "மன அழுத்தத்தை வெல்வது எப்படி" என்று ஒரு வெபினார். வெபினார் முடிந்ததும் இரவு ஒன்பதரைக்கு அமெரிக்காவோடு கால்.

ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்கள் அளித்த பதில்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். ஆப், ரெசிலியன்ஸ் பயிற்சி, ரிலாக்சேஷன் வகுப்பு என்று தனிமனிதரைத் திருத்தும் திட்டங்களில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இல்லை. ஒரே சமயத்தில் எடுத்த சர்வே என்பதால் இதைக் கடைசிச் சொல்லாக எடுக்க வேண்டாம். ஆனால் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்கள் கிட்டத்தட்ட 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோதும், முதல் வருடத்தில் மருத்துவச் செலவிலோ விடுப்பிலோ சொல்லும்படி மாற்றம் இல்லை. வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள். நடைப்போட்டியில் ஜெயிப்பவர் யார் என்று உங்கள் ஆபீஸிலேயே பாருங்கள், புரியும்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. இஎஸ்ஐ 1948லேயே வந்துவிட்டது. மாதச் சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட வேண்டும். நோய்வாய்ப்பட்டால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் முந்தின ஆறு மாதக் கட்டத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் கணக்கில் உள்ளே போய் வெளியே வருகிற பையனுக்கு அந்த 78 எப்போது நிரம்பும்? அப்படியே நிரம்பினாலும் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது. காய்ச்சலோடு வேலைக்கு வருபவர்களை உருவாக்க இதைவிட எளிய வழி இல்லை. சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்று 2017இல் வைத்தார்கள். அதற்கு மேல் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு குரூப் இன்சூரன்ஸ். அது கட்டிலுக்குப் பணம் தரும். கட்டிலை விட்டு எழுந்து, நடக்கப் பழகும் ஆறு வாரத்துக்குச் சம்பளம் தராது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 40 வயது தாண்டிய தொழிலாளிகளுக்கு வருடம் ஒருமுறை முதலாளி செலவில் உடல் பரிசோதனை என்று ஒன்றிய அரசு பெருமையாக அறிவித்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் மில் வேனில் ஏறுவது பதினெட்டு, பத்தொன்பது வயதில். இருபத்தைந்துக்குள் கல்யாணம், அதோடு மில் முடிந்தது. நாற்பது வயதில் அவள் எங்கோ மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பாள். அவள் நுரையீரலை மில் கணக்கில் சோதிக்க யார் வருவார்?

"கம்பெனி என்ன ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரி நடத்தச் சொல்லவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசாங்கம் 2021லிருந்து வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறது. அந்த வேலையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கம்பெனியால் மட்டும்தான் செய்ய முடிகிற வேலை வேறு. அதே 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொன்னது. என்னைக் கேட்டால் இந்த மாநிலத்தின் மிகச் சிறந்த வருமுன் காப்பு மருந்து அந்த ஸ்டூல்தான். ஆப் வேண்டாம், வெபினார் வேண்டாம். ஆனால் ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கிற ஃப்ளோர் மேனேஜரையும் பக்கத்திலேயே நிறுத்தினால் அது ஃபர்னிச்சர்.

சிறிய முதலாளியின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. பத்து தறி வைத்திருக்கும் அருப்புக்கோட்டைக்காரரால் ஒரு ஆளுக்கு மூன்று மாதச் சம்பளம் சும்மா கொடுக்க முடியாது. அதற்குத்தான் இஎஸ்ஐ மாதிரியான பொதுப் பானை. பானையில் காசு போடாமல் ஆளைக் கணக்கிலிருந்து மறைப்பதற்கு அந்தக் கஷ்டம் காரணமாகாது. பெரிய கம்பெனிகளுக்கோ அந்தச் சாக்கும் கிடையாது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் டிஸ்க் விலகி ஆறு வாரம் படுத்திருந்தவர் திரும்பி வந்தார். கேக் வெட்டினார்கள். பாதி நாள் வேலை செய்கிறேன் என்று கேட்டார், பாலிசியில் இல்லை என்றார்கள். வருடக் கடைசியில் ரேட்டிங் குறைந்தது. காரணம் "டெலிவரி". குணமாவதற்கு எடுத்த ஆறு வாரத்தையும் சேர்த்து அவரை அளந்திருந்தார்கள். முதல் நாளிலிருந்தே சம்பளத்தோடு நோய் விடுப்பு, கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்பும் வசதி, படுத்திருந்த காலத்தைக் கழித்துவிட்டுப் போடும் ரேட்டிங், இந்த மூன்றுக்கும் எந்த டெக்னாலஜியும் தேவையில்லை. ஹெச்ஆர் பாலிசியில் நாலு வரி மாற்றினால் போதும்.

அடுத்த டவுன்ஹாலில் வெல்னஸ் ஸ்லைடு வரும்போது மைக்கை வாங்கி ஒன்று கேளுங்கள்: போன வருடம் ஒரு மாதத்துக்கு மேல் நோய் விடுப்பில் போனவர்களுக்கு என்ன ரேட்டிங் போட்டீர்கள்? கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ கட்டுகிறார்களா என்பதையும் அதே மைக்கில் கேளுங்கள். அவர்களில் யாராவது திருச்சுழிப் பக்கத்துக்காரராக இருக்கலாம்.