ஓட்டு வீட்டுக்குச் சூரிய ஓடா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் திற்பரப்பு, குலசேகரம் எனக் கோதையாற்றை ஒட்டிய ஊர்களில் ஓட்டுக்கூரை இன்னும் மறைந்துவிடவில்லை. அதனால், கூரை ஓடே மின்சாரமும் தரும் ‘சூரிய ஓடு’ இத்தகைய வீடுகளுக்கென்றே அமைந்தது போன்றது என்னும் வாதம் எளிதில் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் மின்கலங்களைக் கண்ணாடிக்கு அடியில் பதித்து, ஓட்டைப்போல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி செய்த தகடே சூரிய ஓடு. கூரைக்கும் மின்சாரத்துக்கும் ஒரே செலவு, பழைய மரச்சட்டங்கள் சோலார் பலகையின் பாரத்தைத் தாங்கா, வீட்டின் தோற்றம் கெடாது என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றுள் கடைசிக் காரணத்தில் மட்டுமே ஓரளவு உண்மை உண்டு.

செலவு ஒன்றாகும் என்போர், வீட்டுக்காரர் கூரை முழுவதையும் இப்போதே மாற்றியாக வேண்டும் என்று தாமாகவே வைத்துக்கொள்கின்றனர். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து மேற்குக் கரையெங்கும் பரவிய மங்களூர் ஓட்டின் சிறப்போ, அத்தகைய தேவையையே இல்லாமல் ஆக்கியதுதான். தேங்காய் விழுந்து நான்கு ஓடு உடைந்தால் நான்கை மட்டும் மாற்றினால் போதும். மேலும், வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கென 2024-இல் வந்த ஒன்றிய அரசின் ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தின் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதற்குமேல் எவ்வளவு நிறுவினாலும் மொத்தம் 78,000 ரூபாய் என்று நிற்கிறது. சாதாரணப் பலகைக்கு அரசு அடிப்படையாகக் கொண்ட விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாயும் மூன்றாவதற்கு 45,000 ரூபாயும் ஆகும். அக்கணக்கில் மூன்று கிலோவாட்டுக்கு 1,45,000 ரூபாய் ஆக, வீட்டுக்காரர் கையிலிருந்து போவது 67,000 ரூபாய். பலகைக்குப் பதில் ஓட்டைத் தேர்ந்தால் கூடும் விலையின் ஒவ்வொரு ரூபாயும் அவர் தலையில்தான் விழும். உள்நாட்டில் செய்த மின்கலமே மானியத்துக்குத் தகுதி பெறும் என்பதால், இறக்குமதி ஓட்டுக்கு அந்த 78,000 ரூபாயும் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிறு குடும்பத்துக்கு மிச்சமாகும் கட்டணமே குறைவு. பலகையின் முதலையே மெல்லத்தான் மீட்க வேண்டிய வீட்டில் ஓட்டின் முதலை எப்போது மீட்பது? அமெரிக்காவில் டவ் நிறுவனம் 2011-இல் சந்தைக்குக் கொண்டுவந்த சூரியக் கூரைத் தகட்டை 2016-இல் கைவிட்டதும் இங்கே நினைக்கத்தக்கது.

செலவைவிடப் பெரிய இடர்ப்பாடு பழுதுபார்ப்பில் இருக்கிறது. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 பிடிக்கும். சதுர மீட்டருக்கு 200 வாட் என்று தாராளமாகக் கொண்டாலும், அதே அளவில் சூரிய ஓடு செய்தால் மூன்று கிலோவாட்டுக்கு 225 ஓடுகள் வேண்டும், ஒவ்வொன்றும் மின்கம்பியால் அடுத்ததோடு இணைய வேண்டும். நீளமான தகடுகளாகச் செய்தால் எண்ணிக்கை குறையுமே தவிர, இணைப்புகள் கூரைக்கு அடியில் மறைந்திருப்பது மாறாது. அதே ஆற்றலை ஆறு பலகைகள் தந்துவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்து, ஓட்டில் பாசி படரும் இந்த மாவட்டத்தில், ஈரம் புகுந்த ஓர் இணைப்பைத் தேடிக் கூரையைப் பிரிப்பது ஓடு மாற்றும் தொழிலாளியின் வேலையன்று. அதற்கு மின்பணியாளரும் உடன் ஏற வேண்டும்.

பாரம் பற்றிய அச்சம் கணக்கில் நிற்கவில்லை. மங்களூர் ஓட்டுக் கூரையின் எடை சதுர மீட்டருக்கு 35 முதல் 45 கிலோ வரை இருக்க, பலகை கூட்டுவது சுமார் 12 கிலோ. ஓட்டைத் தாங்கும் சரிவு மரச்சட்டமான கழுக்கோல் உளுத்து இதைத் தாங்காது என்றால், அந்தக் கழுக்கோலை மாற்றாமல் சூரிய ஓட்டையும் வேயக் கூடாது. அஞ்ச வேண்டியது எடையை அன்று, காற்றை. 2017 நவம்பர் 30 அன்று ரப்பர் மரங்களைச் சாய்த்த ஒக்கி புயலைக் கண்ட ஊர்களில், பலகையின் கொக்கி ஓட்டைப் பற்றாமல் கழுக்கோலையே பற்றியிருக்க வேண்டும். வெப்பத்திலும் பலகைக்கே மேன்மை உண்டு: மின்கலம் 25 பாகையைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு உற்பத்தி குறையும். கூரைக்கு மேல் இடைவெளி விட்டு நிற்கும் பலகையின் அடியில் காற்று ஓடும், சட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஓட்டுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

தோற்றம் என்னும் காரணத்தைத் தள்ளிவிட இயலாது. பத்மநாபபுரம் அரண்மனையின் சாயலில் கட்டிய பழைய வீட்டு முகப்பில் கறுப்புப் பலகை பொருந்தாதுதான். ஆனால் முகப்பு தெற்கு நோக்கியிருந்தால் அதில்தான் வைத்தாக வேண்டும் என்னும் கட்டாயம் டில்லியில் இருக்கலாம், ஏறக்குறைய 8.4 பாகை வட அட்சத்தில் உள்ள திற்பரப்பில் இல்லை. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு இறுதி வரை இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால் வடக்குச் சரிவும் அந்த மாதங்களில் நன்கு விளையும். கிழக்கு, மேற்குச் சரிவுகளில் இழப்பு சிறிதே. ஆகவே வீடு எத்திசை பார்த்திருந்தாலும் பலகை பின்சரிவுக்கோ தொழுவத்தின் கூரைக்கோ போகலாம். அங்கே பலாவும் தென்னையும் எந்த மணிக்கு நிழல் விழுத்துகின்றன என்பதுதான், கூரைப்பொருள் எது என்பதைவிட, முதலில் பார்க்கப்பட வேண்டியது.