கேவி எண் பலத்தைச் சொல்வதில்லை

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலைக்குப் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். சேலையால் பிழைக்கும் ஊர். அங்கே ஒரு சாதாரண விசைத்தறியை ஓட்டும் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றுகிறது. தறிக்கு வேண்டியதோ நூறு, நூற்றைம்பது சுற்றுதான். அதற்காகத்தான் மோட்டாரில் சின்ன புல்லி, தறியில் பெரிய புல்லி, நடுவே பெல்ட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 1,440 சுற்றிலும் கிடைக்கிறது, 2,880 சுற்றிலும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே குதிரைத்திறன்தான். சுற்று அதிகமான மோட்டார் பலமானது என்று தறிப்பட்டறையில் யாராவது சொன்னால் மெக்கானிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

அந்தத் தெளிவு, ரிமோட் படகுக்கு பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. அந்த மோட்டார்களுக்குக் கேவி என்று ஓர் எண் உண்டு. “கேவி அதிகமா இருக்கறதா வாங்கு, அதுதான் பலமா இழுக்கும்” என்பது பொறியியல் கல்லூரி மாணவர்களிடமும் பொழுதுபோக்காகப் படகு கட்டுகிறவர்களிடமும் வேதவாக்காக உலவுகிறது. இது தவறு. பாதி உண்மைகூட இல்லாத தவறு.

மாணவர்களின் செய்முறைத் திட்டங்களில் அடிக்கடி தென்படும் படகு ஒன்று உண்டு: ஏரியில் மிதக்கும் குப்பையை அள்ளும் படகு. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கும் ஏரிகள் நிறைந்த நம் பக்கத்துக்கு அவசியமான நல்ல யோசனை அது. அதற்கு மோட்டார் தேடுகிறவர் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது ஏ2212. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைப்பது. உண்மையில் அது குட்டி விமானத்துக்கும் டிரோனுக்கும் செய்யப்பட்ட மோட்டார். 1000, 1400, 2200 கேவி என்று ஒரே அளவில் பல வகை வரும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. வாங்குகிறவர் 2200ஐ எடுத்துக்கொண்டு போகிறார். ஏரியில் இறக்கிய சில நிமிடங்களில் மோட்டார் கொதிக்கிறது, அல்லது அதை இயக்கும் மின்சுற்றான ஈஎஸ்சி புகைகிறது. “மட்டமான சரக்கு” என்று கடைக்காரர் மீது பழி விழுகிறது. அடுத்து இன்னும் பெரிய கேவி தேடிக் கிளம்புகிறார்கள்.

கேவி என்பது கிலோவோல்ட் அல்ல. சுமை எதுவும் இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதே அந்த எண். 11.1 வோல்ட் தரும் 3எஸ் லித்தியம் பாலிமர் பேட்டரியில் 1000 கேவி மோட்டார் 11,100 சுற்றும், 2200 கேவி மோட்டார் 24,420 சுற்றும் போகப் பார்க்கும். அவ்வளவுதான் அது சொல்லும் சேதி. இழுவையைப் பற்றி அது சொல்வது நம்பிக்கைக்கு நேர் எதிரானது. கேவி ஏறினால், ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதே விகிதத்தில் இறங்கும். 9.55ஐக் கேவி எண்ணால் வகுத்தால் அந்த அளவு வந்துவிடும்: 1000 கேவிக்கு 0.0095 நியூட்டன் மீட்டர், 2200 கேவிக்கு 0.0043. அதே இழுவை வேண்டுமென்றால் 2200 கேவி மோட்டார் இரண்டு மடங்குக்கும் மேல் மின்னோட்டம் குடிக்க வேண்டும்.

காயில் கட்டும் கடைக்காரர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே புரியும். ஒரே இரும்பு, ஒரே காந்தம். மெல்லிய கம்பியில் சுற்று அதிகமாகப் போட்டால் கேவி குறையும். தடித்த கம்பியில் சுற்றைக் குறைத்தால் கேவி ஏறும். உள்ளே போகும் செம்பின் எடை ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே “அப்படியானால் கேவி குறைந்த மோட்டார்தான் பலசாலி” என்று மறுபக்கம் சாய்வதும் பிழை. ஒரே அளவுள்ள இரண்டு மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வோல்ட்டேஜ் கொடுத்தால், கிட்டத்தட்ட ஒரே திறனைத்தான் தரும். பலத்தைத் தீர்மானிப்பது மோட்டாரின் பருமன், எடை, சூட்டை வெளியேற்றும் வசதி. படகுகளுக்கு விற்கும் உருளை மோட்டார்களில் 3650, 3674 என்று ஓர் எண் இருக்கும். 36 மில்லிமீட்டர் விட்டம், 50 அல்லது 74 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். பலம் தேடுகிறவர் முதலில் படிக்க வேண்டிய எண் அதுதான்.

இனி படகுக்கு வருவோம். தண்ணீரில் அமிழ்ந்தபடி செல்லும் படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.25ஆல் பெருக்கினால் அந்த வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். ஒரு மீட்டர் நீளமுள்ள குப்பை அள்ளும் படகுக்கு அது விநாடிக்கு 1.25 மீட்டர், மணிக்கு நாலரை கிலோமீட்டர். மனிதர் நடக்கும் வேகம். அதைத் தாண்டி எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் முன்னால் அலைதான் உயரும். ஒரு சுற்றுக்கு 60 மில்லிமீட்டர் முன்னேறும்படி செய்த புரொப்பெல்லர் இந்த வேகத்துக்கு நிமிடத்தில் 1,250 சுற்று சுற்றினால் போதும். தண்ணீர் வழுக்கிப் போவதைக் கணக்கில் சேர்த்து இரண்டு மடங்காக்கினாலும் 2,500. இதற்கு 24,000 சுற்று மோட்டார் எதற்கு?

தேவையில்லை என்பதோடு இது முடிவதில்லை. தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஒரே புரொப்பெல்லரை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற எட்டு மடங்கு சக்தி வேண்டும். பத்து மடங்கு வேகத்துக்கு ஆயிரம் மடங்கு. உள்ளங்கையில் அடங்கும் மோட்டாரால் அது எப்படி முடியும்? வேகம் எடுக்க முடியாமல் திணறி, திணறும்போது மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கிறது. மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச் சூடு நாலு மடங்கு. விமானத்தில் புரொப்பெல்லர் தள்ளும் காற்றே இந்த மோட்டாரைக் குளிர்விக்கும். மூடிய படகுக்குள் அந்தக் காற்றும் கிடையாது.

பந்தயப் படகுகளைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அந்தப் படகுகள் நீரின் மேல் எழும்பிச் சறுக்குபவை. விரலளவு புரொப்பெல்லர், முப்பதாயிரத்தை ஒட்டிய சுற்று, மோட்டாரைச் சுற்றி ஓடும் குளிர்நீர்க் குழாய் எல்லாம் சேர்ந்ததுதான் அவற்றின் வடிவமைப்பு. அங்கே 3எஸ் பேட்டரியோடு 2200 கேவி பொருத்தமான தேர்வாகவே இருக்கும். அங்கேயும் அந்த எண் பலத்துக்காக வந்ததல்ல; வேண்டிய சுற்றை பேட்டரி வோல்ட்டால் வகுத்து வந்தது. சக்தி அதிகம் வேண்டும் என்றால் அனுபவசாலிகள் வோல்ட்டை ஏற்றிக் கேவியைக் குறைக்கிறார்கள். 1,000 வாட்டுக்கு 7.4 வோல்ட்டில் 135 ஆம்பியர் ஓட வேண்டும், 22.2 வோல்ட்டில் 45 போதும். அதே வயரில் வீணாகும் சூடு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

வாங்கிய ஏ2212 வீணாகிவிடவும் இல்லை. அது 1000 கேவியாக இருந்தால், நாலுக்கு ஒன்று விகிதத்தில் புல்லியும் பல் பெல்ட்டும் போட்டால் சுற்று சுமையில்லாமல் 2,775க்கு வந்துவிடும், இழுவை நாலு மடங்காகும். பெல்ட் போட மனமில்லாதவர் சில நூறு கேவி உள்ள அகலமான மோட்டாரை நேரடியாக மாட்டலாம்.

இந்தப் பிழையான நம்பிக்கைக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. விளம்பரங்களில் கேவி பெரிய எழுத்தில் இருக்கிறது. தாங்கும் ஆம்பியரும் எடையும் பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. திட்டங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் பலர் மோட்டாரின் பெயரைக் கேட்கிறார்கள், அது எப்படித் தேர்வானது என்று கேட்பதில்லை. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படகின் எடை, நீளம், புரொப்பெல்லரின் விட்டம், தேவையான சுற்று, பேட்டரி வோல்ட் ஆகிய ஐந்தும் எழுதப்படாத திட்ட அறிக்கையில் மோட்டார் வாங்கக் கையெழுத்துப் போடாதீர்கள்.