யாருக்கு, எதன்மேல், எவ்வளவு, எதுவரை

விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் உள்ள ஒரு கீயின் அனுமதியை நிரலின் வழியாக மாற்றுவதென்பது, எழுதுகிறவருக்கு நாலைந்து வரிகளில் முடிந்துவிடும் காரியமாகவும், அந்த நிரல் போய்ச் சேரும் கணினிக்கோ அதன் ஆயுட்காலம் முழுவதும் செல்லுபடியாகும் சாசனமாகவும் இருப்பதால், பார்வைக்குச் சிறியதான இந்த விஷயத்தை இம்மாத ஆசிரியர் உரைக்கு எடுத்துக்கொண்டோம்.

தருமபுரியில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு விசேஷ காரணமும் உண்டு. பெருநகரத்து நிறுவனம் ஒன்றின் கணினியில் தவறான அனுமதி படிந்துவிட்டால், அதைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே நியமிக்கப்பட்ட நிர்வாகிகள் அங்கே இருப்பார்கள். ஆனால் அரூரிலோ பென்னாகரத்திலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் இ-சேவை மேஜையிலும், மேல்நிலைப் பள்ளியின் கணினி அறையிலும், சிறு கணக்கர் அலுவலகத்திலும், நிரலை நிறுவியவர் பஸ் ஏறிப் போன பிறகு அந்த அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்ப்பவர் பெரும்பாலும் எவருமில்லை. ஒரே இயந்திரத்தில் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் அமர்ந்து, ஊராரின் வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் ஆதார் விவரத்தையும் கையாளுகின்ற இடங்களில், நிரல் எழுதியவரே முதற் காவலராகவும் கடைசிக் காவலராகவும் ஆகிவிடுகிறார்.

அந்தக் காவல் தளர்கிற விதம் நம்மில் யாருக்கும் தெரியாததன்று. நிர்வாகி கணக்கில் அமர்ந்து எழுதிய நிரல், அங்கே குறையின்றி ஓடிவிட்டு, வாடிக்கையாளரின் சாதாரணக் கணக்கில் 'ஆக்சஸ் டினைடு' என்று நின்றுவிடுகிறது. உடனே, 'எவ்ரிஒன்' என்ற தொகுதிக்கு 'ஃபுல் கண்ட்ரோல்' வழங்கும் வரியொன்று நிரலில் சேர்க்கப்படுகிறது. பிழைச்செய்தி மறைந்துவிடுவதால் காரியம் சித்தியாகிவிட்டதாக எல்லாரும் திருப்தியடைகிறார்கள். இந்தப் பழக்கத்திற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. 1993-ல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1 தொடங்கி அந்த வம்சத்தின் ரிஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு கீக்கும் தனி அனுமதிப் பட்டியல் இருந்துவந்தபோதிலும், நம்மவர் பலர் தொழில் பழகிய விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் அப்படிப்பட்ட பட்டியலே கிடையாது. பின்னர் 2007 ஜனவரியில் பொதுமக்களிடம் வந்த விஸ்டா, பழைய நிரல்கள் 'ஹெச்கீ லோக்கல் மெஷின்' என்ற பொதுக் கிளையில் எழுத முயல்வதைப் பயனாளரின் சொந்தக் கிளையிலுள்ள 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்திற்கு மௌனமாகத் திருப்பிவிட்டதனால், பிழையை உணர்ந்து திருந்த வேண்டிய அவசியமும் பலருக்கு நேராமற் போயிற்று.

உரிமையை அளந்து எழுதும் நுட்பம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பிரதேசம் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் கைக்கு மாறியபின், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழ் 1799 வரை இங்கே பணியாற்றிய தாமஸ் மன்றோவும், ஊரை மொத்தமாக ஒரு குத்தகைதாரரிடம் ஒப்படைப்பதை விடுத்து, வயல்வயலாக அளந்து, இன்ன நிலம் இன்ன உழவருடையது என்று பதிவேட்டில் எழுதுகின்ற ரயத்துவாரி முறைக்கு அடிகோலினார்கள். அவர்களுடைய உத்தேசம் வரி வசூல்தான் என்றாலும், அளக்காமல் கொடுத்த உரிமையை யாராலும் கணக்குப் பார்க்க முடியாது என்பதை அந்த ஏற்பாடு தெளிவாக்கிற்று. 'எவ்ரிஒன்' தொகுதிக்கு முழு ஆதிக்கம் வழங்குவது ஊரையே குத்தகைக்கு விடுவதற்கு ஒப்பானது. நம்முடைய நிரல்களோ வயலை அளந்து கொடுக்க வேண்டியவை.

அளப்பதற்கு முன்பு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சாதாரணப் பயனாளர் மாற்றக்கூடிய அமைப்பு எதற்காக 'ஹெச்கீ லோக்கல் மெஷின்' கிளையில் வைக்கப்பட வேண்டும்? சாளரத்தின் அளவு, கடைசியாகத் திறந்த கோப்பு, தேர்ந்தெடுத்த அச்சுப்பொறி முதலியவை ஒவ்வொரு பயனாளருக்கும் உரியவை. அவற்றின் இடம் 'ஹெச்கீ கரண்ட் யூசர்' கிளை. அங்கே எந்த அனுமதியையும் மாற்ற வேண்டியதே இல்லை. அனுமதிப் பிரச்சினையாகத் தோன்றுபவற்றுள் கணிசமானவை, தகவலை இடமறியாது வைத்ததால் விளைந்த அமைப்புப் பிழைகளே என்பது எங்கள் அபிப்பிராயம்.

உண்மையாகவே பலர் பகிர்ந்துகொள்ளும் பொது அமைப்பாக இருந்து, அனுமதியை மாற்றியே தீர வேண்டுமென்ற நிலை வந்தால், நிரலுக்கென்று தனியாக ஒரு துணைக் கீயைச் சிருஷ்டித்து, அதன்மேல் மட்டும், மதிப்பைப் படிக்கவும் எழுதவும் தேவையான உரிமையை மட்டும் வழங்குவதே முறை. 'ஃபுல் கண்ட்ரோல்' என்பதற்குள், அனுமதிப் பட்டியலையே மாற்றும் உரிமையும் உடைமையைக் கைப்பற்றும் உரிமையும் அடங்கியிருக்கின்றன என்பதை மறந்துவிடலாகாது. பெறுகின்ற தொகுதியைப் பெயரால் குறிக்காமல் எஸ்.ஐ.டி. என்ற அடையாள எண்ணால் குறிப்பது நலம். விண்டோஸின் மொழிக்கேற்பத் தொகுதியின் பெயர் மாறக்கூடும், 'யூசர்ஸ்' தொகுதியின் எஸ்-1-5-32-545 என்ற எண்ணோ எங்கும் மாறாது.

பட்டியலை மாற்றும் முறையிலும் நிதானம் வேண்டும். இருக்கின்ற பட்டியலைப் படித்து, அதில் ஒரு விதியைச் சேர்த்து, திரும்ப எழுதுவதே நெறி. புதிதாக ஒரு பட்டியலைக் கட்டிப் பழையதன்மேல் வைத்துவிட்டால், அதுவரை பிறர் பெற்றிருந்த உரிமைகள் யாவும் அறிவிப்பின்றி அழிந்துபோகும். டாட்நெட் நூலகத்தில் 'ஆட்அக்சஸ்ரூல்' உள்ள விதிகளோடு சேர்க்கிறது; 'செட்அக்சஸ்ரூல்' அதே பயனாளருக்குரிய அதே வகை விதிகளை நீக்கிவிட்டு எழுதுகிறது; இவ்விரண்டில் எதைச் செய்தாலும், இறுதியில் 'செட்அக்சஸ்கண்ட்ரோல்' அழைக்கப்படாவிட்டால் கீயில் ஒரு மாற்றமும் நேராது. பட்டியலே இல்லாமை வேறு, பட்டியல் வெறுமையாயிருத்தல் வேறு: முன்னது எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது, பின்னது ஒருவரையும் உள்ளே விடுவதில்லை. 'ரெக்செட்கீசெக்யூரிட்டி' அந்த ஒரு கீயோடு நின்றுவிட, 'செட்நேம்டுசெக்யூரிட்டிஇன்ஃபோ' மரபுரிமையாய் இறங்கும் விதிகளை ஏற்கெனவே உள்ள துணைக் கீகளுக்கும் கொண்டுசெல்கிறது. எது வேண்டுமென்று அறிந்தே அழைக்க வேண்டும். 64 பிட் இயந்திரத்தில் 32 பிட் நிரலின் பார்வை வேறு கிளைக்குத் திருப்பப்படுவதால், ஓரிடத்தில் வழங்கிய அனுமதியை மற்றோரிடத்தில் தேடிக் களைத்தவர் பலர். அனுமதி பரிசீலிக்கப்படுவது கீயைத் திறக்கும் தருணத்தில் மாத்திரமே ஆகையால், பட்டியலைச் சுருக்கிய பின்பும் முன்னரே திறந்துவைத்த நிரல் தன் பழைய உரிமையோடு தொடர்ந்து இயங்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் அவசியந்தானா என்று ஆட்சேபிப்பவர்களுக்கு, பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் கிளெமான் லாப்ரோ 2020 நவம்பரில் வெளியிட்ட கண்டுபிடிப்பே விடையாகும். விண்டோஸ் 7-லும் சர்வர் 2008 ஆர்2-லும், இரண்டு சேவைகளின் கீகளில் சாதாரணப் பயனாளர்களுக்குத் துணைக் கீ உண்டாக்கும் உரிமை இருந்தது. முழு ஆதிக்கமன்று, அந்த ஓர் உரிமைதான். அதைக்கொண்டு 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற துணைக் கீயை உண்டாக்கி, அதில் ஒரு டிஎல்எல் கோப்பின் பெயரை எழுதிவைத்தால், அந்தக் கோப்பைச் சிஸ்டம் கணக்கின் உச்ச அதிகாரத்தோடு விண்டோஸே இயக்கும்படி செய்ய முடிந்தது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு அவ்வாண்டு ஜனவரியிலேயே முடிந்திருந்தது. இயங்குதளத்தை ஆக்கியவர்களின் பட்டியலிலேயே ஓர் உரிமை மிகுதியாக நின்றதனால் இத்தனை விபரீதம் விளையக்கூடுமானால், அவசரத்தில் நாம் வழங்கும் முழு ஆதிக்கம் எங்கே கொண்டுபோய் விடுமென்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே சில வேண்டுகோள்கள். அனுமதியை மாற்றும் வேலையை நிர்வாகி அதிகாரத்தோடு ஒருமுறை ஓடும் நிறுவு நிரலிடமே விட்டுவிட்டு, அன்றாடம் ஓடும் நிரலுக்கு அந்த அதிகாரம் தேவைப்படாமற் செய்ய வேண்டும். மாற்றுவதற்கு முன் பழைய பட்டியலை எஸ்டிடிஎல் என்ற எழுத்து வடிவத்தில் பதிந்து வைத்துக்கொண்டு, நிரலை நீக்கும்போது நாம் சேர்த்த விதியையும் நீக்கிச் செல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் அனுப்புமுன் சாதாரணக் கணக்கில் அமர்ந்து சோதிக்க வேண்டும். செட்டிக்கரையில் அரசு பொறியியற் கல்லூரி இயங்குகின்ற இம்மாவட்டத்தில், மாணவர்களுக்கு ரிஜிஸ்ட்ரியில் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதன் அனுமதிப் பட்டியலைப் படிக்கவும் அதே வகுப்பில் கற்பிப்பார்களானால், அவர்கள் நாளை ஓசூரிலும் பெங்களூரிலும் எழுதப்போகும் நிரல்கள் பத்திரமாக இருக்கும்.

அனுமதி வழங்கும் ஒவ்வொரு வரியின் அருகிலும், யாருக்கு, எதன்மேல், எவ்வளவு, எதுவரை என்ற நான்கையும் எழுதிவைக்கும்படியும், அந்த நான்கில் ஒன்றுக்கேனும் விடை எழுத முடியாதபோது அவ்வரியையே நீக்கிவிடும்படியும், சக நிரலாளர்கள் அனைவரையும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்.