ஆயாவின் பெயர் எங்கே?

வில்லியனூர், பாகூர் பக்கம் தாலி ஏறியதும் நம் இனிஷியல் மாறிவிடுகிறது. அப்பா எழுத்து போய் வீட்டுக்காரர் எழுத்து வந்துவிடும். வம்சத்துக்கென்று ஒரே பெயர் நம்மில் பல வீடுகளில் கிடையாது. பிரெஞ்சுக்காரர்களுக்கோ அது இல்லாமல் முடியாது.

1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை போட்டார்கள். நம் சாதி, சமய வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வருகிறவர்கள், குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ என்று வைத்துக்கொண்டார். ‘வாசற்கதவு’ என்று அர்த்தமாம்! புருஷன் எழுதிக் கொடுத்தால் பெண்டாட்டிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் அதுவேதான் சட்டம்.

ஆனாலும் ஒரு நல்ல விஷயம் உண்டு. பிரெஞ்சுப் பதிவுகளில் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதுவார்கள். ஆகவே ஆயாவைத் தேடுகிறவர்கள், தாத்தா பெயரை விட்டு, ஆயாவின் அப்பா பெயரைப் பிடியுங்கள். எழுத்தையும் கவனியுங்கள். ‘முத்து’வின் உகரத்துக்கு இங்கிலீஷில் ‘யு’ மட்டும் போதும். பிரெஞ்சில் ‘ஓ’, ‘யு’ இரண்டும் சேர்ந்து வரும். பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் உள்ள வீடுகளில் ஓர் எழுத்து பிசகினாலும் அலைச்சல்தான்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், சகோதரிகளே: ஆயா பெயர், அவரைப் பெற்றவர்கள் பெயர், பிறந்த ஊர், கல்யாணமான வருஷம். அரிசிக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம் போதும். நம் பேத்திகள் தேடும்போது கையில் கிடைக்கட்டுமே!